பாறையின் பிள்ளை

கேள்வி: திருச்சி மலைக்கோட்டைப் பாறை கரைந்துதான் பக்கத்தில் ஸ்ரீரங்கத்து மண் உண்டானதா?

பதில்: இல்லை. ஸ்ரீரங்கத்து மண் மேற்கிலிருந்து வந்து குடியேறியது. குடகு, மைசூர்ப் பக்கத்துப் பாறைகளின் பிள்ளை. காவிரி சுமந்து வந்தது.

பாறை மண்ணாவதற்கு வெயிலும் மழையும் வேரும் சேர்ந்து உழைக்க வேண்டும். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் பாறையில் விரிசல் விழும். மேல்பரப்பு வெங்காயத் தோல்போல உரியும். விரிசலில் விழுந்த அரசவிதை வேர்விட்டு அதை அகலப்படுத்தும். ஆனால் பெரிய வேலை மழையுடையது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்ட மழைநீர் லேசான அமிலம். அது பட்டுப் பட்டுக் கருங்கல்லில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ் என்னும் கனிமம் மட்டும் அசையாது, அதுதான் ஆற்றுமணல். இலைதழை மக்கி, மண்புழுவும் நுண்ணுயிரும் சேர்ந்த பிறகே இந்தக் களிமண்ணும் மணலும் விளைமண். ஒரு சென்டிமீட்டர் மண்ணுக்கே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

மலைக்கோட்டையின் பொறுமைக்குச் சான்று வேண்டுமா? 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே குடைவித்த குகைக்கோயிலில் கங்காதரர் சிற்பம் இன்றும் தெளிவாக நிற்கிறது. செங்குத்துப் பாறையில் உதிரும் துகளையும் மழை கழுவிவிடுவதால் அங்கே மண் தங்குவதில்லை.

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிய, நடுவே வேகம் தணிந்த வெள்ளம் இறக்கிவைத்த வண்டல்தான் ஸ்ரீரங்கம் தீவு. வாழையும் தென்னையும் அங்கே செழிப்பது அதனால்தான். 1934இல் மேட்டூர் அணை கட்டப்பட்ட பிறகு, அந்த வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது.