நாலறிவும் ஆறறிவும்

எங்கள் ஊரில் ஒருவன் நண்டு பிடிக்கக் கிளம்பினால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். வீட்டில் யாருக்காவது நெஞ்சுச்சளி கட்டியிருக்க வேண்டும், அல்லது கண்மாய்க்குத் தண்ணீர் வந்திருக்க வேண்டும். முதலாவது வருடம் தவறாமல் நடக்கும். இரண்டாவதற்கு உத்தரவாதம் கிடையாது.

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டி என் ஊர். கரிசல் மண்ணும் சீமைக்கருவேலமும் வானமும் இங்கே தாராளம். கொஞ்சம் தள்ளிப் போனால் திருச்சுழி. ரமணர் பிறந்த ஊர் என்று உலகத்துக்குத் தெரியும். எங்களுக்கு அது வேறு காரணத்தால் முக்கியம். ஊழி வெள்ளம் புரண்டு வந்தபோது சிவபெருமான் சூலத்தால் தரையைக் குத்தி, வெள்ளத்தைச் சுழித்து அப்படியே பூமிக்குள் இறக்கிவிட்டார், அதனால்தான் அது சுழி என்பது தலபுராணம். இறக்கிய பிறகு அந்தத் துளையை அடைத்தாரா இல்லையா என்று புராணம் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் கண்மாய்களைப் பார்த்தால் அடைக்கவில்லை என்றுதான் தெரிகிறது.

அந்தத் திருச்சுழி வழியாகத்தான் குண்டாறு ஓடுகிறது. ஓடுகிறது என்று எழுதுவது ஒரு மரியாதைக்கு. மழைக்காலத்தில் சில நாள் தண்ணீர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், மற்ற நாளெல்லாம் ஆடுகள்தான் ஓடும். காவிரியை வைகையோடும் வைகையைக் குண்டாற்றோடும் இணைக்கப் போகிறோம் என்று 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல் நட்டது புதுக்கோட்டை மாவட்டத்தில். அங்கிருந்து எங்களுக்குத் தண்ணீர் வருவதற்குள் நான் அந்தக் கல்லையே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இப்படிப்பட்ட ஆறு கடைசியில் கடலில் போய் விழுகிறது என்று சொன்னால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை. சாயல்குடியில் இரும்புக்கடை வைத்திருக்கும் என் சகலைதான் ஒருநாள் போனில் சொன்னார். "சகல, உங்க குண்டாறு எங்க மூக்கையூர்லதான் கடல்ல சேருது. முகத்துவாரத்துல களிநண்டு கெடக்கு. ஒண்ணொண்ணும் சாப்பாட்டுத் தட்டு அகலம். வாங்களேன், புடிப்போம்."

நண்டு என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏனென்றால் பத்து வயதில் நான் கண்மாய் நண்டுக்குப் பேர்போனவன். மழை விட்ட மறுநாள் வயல் வரப்பில் வளை தேடி, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு இழுப்பேன். நண்டு வரும், சமயத்தில் தண்ணிப்பாம்பும் வரும். வந்ததில் நண்டை மட்டும் அப்பத்தாவிடம் கொடுப்பேன். அவள் அதை ஓட்டோடு உரலில் இடித்து, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைப்பாள். குடித்தால் சளி மட்டுமல்ல, பழைய ஞாபகங்களும் மூக்கு வழியாக இறங்கும். இவ்வளவு அனுபவம் உள்ளவனிடம் வந்து ஓர் இரும்புக்கடைக்காரர் நண்டைப் பற்றிப் பேசுவதா?

மில் ஆபீசில் இரண்டு நாள் லீவு சொன்னேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி என்னைத் தலையிலிருந்து தொந்தி வரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள். "நண்டு கொழுத்தா வளையில இருக்காதுன்னு சும்மாவா சொன்னாக" என்றாள். பழமொழியை இவ்வளவு பொருத்தமான இடத்தில் போடும் ஒருத்தியைக் கட்டிக்கொண்டவன் பள்ளிக்கூடத்தில் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தமிழ் படித்திருக்க வேண்டும்.

திருச்சுழி, கமுதி, சாயல்குடி என்று பஸ் மாறி, மறுநாள் விடிவதற்குள் முகத்துவாரத்தில் நின்றோம். குண்டாற்றில் முழங்கால் அளவு தண்ணீரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. கை நிறைய அள்ளி வாயில் விட்டேன். உப்பு. "அது ஆத்துத்தண்ணி இல்ல சகல, கடத்தண்ணி உள்ள ஏறியிருக்கு" என்றார் சகலை. எங்கள் ஆற்றில் தண்ணீர் இருக்கும் ஒரே இடத்திலும் அது இரவல் தண்ணீர்தான்.

எங்களுக்கு வாத்தியார் ஒரு பெரியவர். அறுபது வருடம் கடலோடு புழங்கியவர். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வியாக, "தம்பி ஊர்ல இப்ப என்ன காத்து?" என்றார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று கடற்கரையில் திசைக்கொரு காற்று உண்டு. அதை வைத்துத்தான் கடலையே கணக்குப் பார்ப்பார்கள். "அனக்காத்துங்கய்யா" என்றேன். அதற்குமேல் அவர் என்னிடம் காற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

களிநண்டு என்பது எங்கள் வயல் நண்டுக்குத் தூரத்துச் சொந்தம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். சாக்கைத் திறந்து முந்தின நாள் பிடித்த ஒன்றை அவர் காட்டியதும் சொந்தத்தை முறித்துக்கொண்டேன். பாசி படிந்த பாறை நிறத்தில் ஓடு. கொடுக்கு ஒவ்வொன்றும் பூட்டுத் திறக்கிற கொறடு மாதிரி. கண்கள் காம்பின் நுனியில் நின்று நாலா பக்கமும் பார்க்கின்றன, முன்னால் நிற்பவனையும் பின்னால் ஒளிந்திருக்கும் அவன் சகலையையும் சேர்த்து. கடைசிக் கால் இரண்டும் துடுப்புப்போல் தட்டை, நீந்துவதற்கு. இந்த இனத்தில் பெரிய சாதி இரண்டு கிலோவுக்கு மேலேயும் வளருமாம். ஓட்டுச் சிப்பியையே நொறுக்கித் தின்பதற்குத்தான் அந்தக் கொடுக்கு. விரல் அதற்கு முறுக்கு மாதிரி.

பெரிய மனுசன் வீட்டு நண்டு இது. இதில் ஒரு வகைக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயரில் நம் தரங்கம்பாடியே இருக்கிறது. ஸ்கில்லா டிராங்குபாரிகா. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ் 1798இல் வைத்த பெயர். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலம் அது. மிளகுக்கும் துணிக்கும் வந்தவர்கள் போகிற போக்கில் நண்டுக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் வயல் நண்டுக்கு எந்த நாட்டுக்காரனும் பாளையம்பட்டி என்று பெயர் வைக்கவில்லை.

பாடம் வளையில் தொடங்கியது. கரையோரச் சேற்றில் வளை வாயைப் பார்த்தே உள்ளே ஆள் இருக்கிறதா என்று பெரியவர் சொல்லிவிடுகிறார். புதுச்சேறு தள்ளிக் கிடந்தால் குடியிருக்கிறது, பாசி படர்ந்திருந்தால் காலி வீடு. நுனி வளைத்த ஒரு நீளக் கம்பியை உள்ளே விட்டு மெதுவாகத் தட்டுகிறார். கம்பியில் ஓடு தட்டுப்படும் சத்தம் அவர் கைக்குக் கேட்கிறது. பிறகு அவசரமில்லாமல், குழந்தையைத் தூளியிலிருந்து எடுக்கிற பதத்தில், வெளியே இழுக்கிறார்.

நான் பக்கத்தில் நின்று சகலையிடம் அருப்புக்கோட்டை நிலவரம் பேசிக்கொண்டிருந்தேன். பெரியவர் உதட்டில் விரல் வைத்தார். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த தமிழ் வாத்தியார் விழித்துக்கொண்டார். "ஐயா, நண்டுக்குக் காது கேக்காதுங்க. தொடுறது, ருசிக்கிறது, மோந்து பாக்குறது, கண்ணால பாக்குறது, இந்த நாலறிவுதான் நண்டுக்குன்னு தொல்காப்பியர் மரபியல்ல சொல்லியிருக்காரு."

"அவரு எந்தக் கடக்கரை?" என்றார் பெரியவர்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். "நீங்க பேசுறது அதுக்குக் கேக்காம இருக்கலாம் தம்பி. ஆனா பேசும்போது நீங்க காலைக் காலை மாத்தி மிதிக்கிறீக பாருங்க, அது கேக்கும்." வளைக்குள் இருந்த நண்டு அதற்குள் உள்பக்கமாக இன்னும் ஒரு முழம் இறங்கிவிட்டது. தரை அதிர்வதை நண்டு காலாலேயே வாங்கிக்கொள்கிறதாம். யோசித்துப் பார்த்தால் தொல்காப்பியர் கணக்கிலும் அது தொடுவுணர்வில்தான் வரும். இதைப் பெரியவரிடம் சொல்லித் தொல்காப்பியரைக் காப்பாற்ற நினைத்தேன். சகலை என் கையைப் பிடித்து அமுக்கினார்.

வளை வேலை இவருக்கு ஒத்துவராது என்று முடிவுசெய்து என்னை வளையத்துக்கு மாற்றினார்கள். பழைய சைக்கிள் ரிம் அகலத்தில் ஓர் இரும்பு வளையம், அதில் பைபோல வலை, நடுவில் கட்டிய மீன் தலை, மேலே கயிறு. தண்ணீர் ஏறுகிற நேரத்தில் இறக்க வேண்டும். ஏறும் தண்ணீரோடு நண்டும் இரை தேடிக் கரைக்கு வரும். கால்மணி நேரம் விட்டு, வெடுக்கென்று ஒரே மூச்சில் தூக்க வேண்டும். இந்த "வெடுக்" என்பதில்தான் விஷயமெல்லாம் இருக்கிறது. பாதியில் தயங்கினால் நண்டு வளையத்தின் விளிம்பில் ஏறி, நின்று, நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கவாட்டில் இறங்கிப் போய்விடும்.

நான் கணக்கு எழுதுகிறவன். எதையும் இரண்டுமுறை சரிபார்த்துத்தான் பழக்கம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். மீன் தலை இருந்தது, இறக்கினேன். பிறகு பார்த்தேன், மீன் தலை பாதி இருந்தது. பிறகு பார்த்தேன், கட்டிய நூல் மட்டும் இருந்தது. இப்படியாக அன்று காலை முகத்துவாரத்து நண்டுகளுக்கு நான் ஆறு மீன் தலை பரிமாறினேன். சங்க காலத்தில் நெய்தல் நிலத்துப் பெண்கள் கடற்கரையில் அலவனை, அதாவது நண்டை, ஆட்டி விளையாடினார்களாம். இரண்டாயிரம் வருடம் கழித்து அலவன் பதிலுக்கு ஆட்டியது என்னை.

ஏழாவது தலையில் எனக்கே கோபம் வந்துவிட்டது. கோபத்தில் தூக்கியதால் தூக்கு சரியாக விழுந்தது. வளையத்துக்குள் ஒரு நண்டு, அகலமாக, ஆங்காரமாக. நான் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற கொக்கு இரண்டு எழுந்து பறந்தது. பிறகுதான் அடுத்த பிரச்சினை புரிந்தது. பிடித்தாகிவிட்டது, யார் தொடுவது? பின்னால் போய், ஓட்டின் மேல் பாதத்தை வைத்து மெல்ல அமுக்கி, துடுப்புக்கால் இரண்டும் உடம்போடு சேருகிற இடத்தில் பிடிக்க வேண்டும், அங்கே கொடுக்கு எட்டாது. நான் பின்னால் போனேன். நண்டும் திரும்பியது. மறுபடி பின்னால் போனேன். மறுபடி திரும்பியது. நாங்கள் இருவரும் கோயில் பிரகாரம் மாதிரி மூன்று சுற்று வந்த பிறகு பெரியவர் வந்து ஒற்றைக் கையால் எடுத்தார்.

எடுத்தவர் கையில் வைத்து எடை பார்த்தார். வயிற்றுப் பக்கம் கட்டைவிரலால் அமுக்கினார். ஓடு அப்பளம்போல் உள்ளே போய் வந்தது. "தண்ணி நண்டு" என்றார்.

நண்டு வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைச் சட்டைபோலக் கழற்றிப் போட வேண்டும். புது ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே சதை பிடிக்க நாளாகும். அதுவரைக்கும் ஓட்டுக்குள் தண்ணீர்தான். இந்த மாதிரி நண்டை வாங்கி, அடைப்பில் விட்டு, கழிவு மீன் போட்டு மூன்று நாலு வாரத்தில் கொழுக்க வைத்து விற்பவர்கள் உண்டு. அப்படியே குழம்பு வைத்தால் ஒன்றும் தேறாது. விட்டுவிடச் சொன்னார், விட்டேன். குடத்தை வரிசையில் வைத்துக் குழாயடியில் காத்துக் கிடக்கும் ஊரிலிருந்து அத்தனை தூரம் போன எனக்கு, நண்டுக்குள்ளும் தண்ணீரே கிடைத்தது.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, பெரியவர் இன்னொன்றும் சொன்னார். சினை பிடித்த பெண் நண்டு முகத்துவாரத்தில் தங்காது, முட்டை பொரிக்க ஆழக் கடலுக்குப் போய்விடும், குஞ்சு பிழைக்க அங்கேதான் உப்பு சரியாக இருக்கும் என்றார். நண்டு கொழுத்தால் வளையில் இராது என்பது திட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு பிரசவப் பயணம் இருக்கிறது. பழமொழி சரிதான். என் மனைவி அதைப் பயன்படுத்திய விதம்தான் உயிரியல்படி தவறு. இதை வீட்டில் போய்ச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

வெறுங்கையோடு எப்படிப் போவது? திரும்பும் வழியில் ஒரு நண்டுக் கம்பெனியில் சகலை வண்டியை நிறுத்தினார். கரையோரத்தில் வாங்கி உயிரோடு வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடத்துக்குக் கம்பெனி என்றுதான் பெயர். வெளிநாட்டில் நண்டுக்கு அவ்வளவு மவுசு. சிங்கப்பூரில் 1956 வாக்கில் கல்லாங் ஆற்றங்கரையில் ஒரு தம்பதி தள்ளுவண்டியில் வைத்து விற்ற சில்லி நண்டு இன்றைக்கு அந்த நாட்டுக்கே அடையாளம். கொழும்பில் பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 2011இல் கிரிக்கெட் ஆடிய மஹேல ஜெயவர்தனவும் சங்கக்காரவும் கூட்டுச் சேர்ந்து நண்டுக்கென்றே ஓர் உணவகம் திறந்தார்கள். பெயர் மினிஸ்ட்ரி ஆஃப் கிராப், அதாவது நண்டு அமைச்சகம். கம்பெனியில் விலை கேட்டேன். கேட்ட பிறகுதான் அமைச்சகம் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று புரிந்தது. ஏற்றுமதிக்குத் தேறாத, ஒரு கால் போன நண்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன். போன கால் அடுத்த சட்டை கழற்றும்போது முளைத்துவிடும் என்று விற்றவர் ஆறுதல் சொன்னார், குழம்பில் போடப்போகிற நண்டுக்கு.

ஈரச் சாக்கில் சுற்றினால் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கமுதி தாண்டியதும் சாக்கு அசைந்தது, பக்கத்து சீட்டுப் பெரியம்மா எழுந்து முன்னால் போய்விட்டார். அருப்புக்கோட்டை வரைக்கும் எனக்கு இரண்டு சீட்டு.

பாளையம்பட்டியில் இறங்கும்போதே பேச்சைத் தயார் செய்துவிட்டேன். தெருவில் நாலு பேர் கூடினார்கள். முகத்துவாரம், இருட்டு, ஏறுகிற தண்ணீர், வளையம், வெடுக், பிரகாரச் சுற்று என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொய் என்று எதுவும் இல்லை, கடைசி வரியை மட்டும் கொஞ்சம் மாற்றினேன். கடைசியில் முற்றத்தில் சாக்கை உதறினேன். நண்டு விழுந்தது. பிள்ளைகள் ஓவென்று கத்தின.

என் மனைவி குனிந்து பார்த்தாள். இரண்டு கொடுக்கும் மடக்கி, குறுக்கும் நெடுக்குமாக நீல நைலான் கயிற்றில் கம்பெனிக் கட்டு, முடிச்சு அச்சடித்த மாதிரி.

"ஏங்க, அங்கிட்டெல்லாம் நண்டு கடலுக்குள்ளயே கயித்தைக் கட்டிக்கிட்டுத்தான் திரியுமா?" என்றாள்.

குழம்பு நன்றாக இருந்தது.