கப்பலும் கப்பமும்

தொழில் தொடங்கக் கையில் முதலில்லை என்று புலம்பும் இளைஞர்களே, இலங்கைக் கடற்படையின் உள்ளே இருந்த சிலர் 2008இலேயே வழி காட்டிவிட்டார்கள். அந்தத் தொழிலுக்கு முதலே வேண்டாம். வாகனம் அரசாங்கத்தினுடையது, எரிபொருளும் அதனுடையது. பிடித்து வந்த ஆளை அடைக்க அறை, அறைக்குக் காவல், காவல்காரனுக்குச் சம்பளம், சாப்பாடு எல்லாமே அரசாங்கச் செலவு. சரக்கு மட்டுந்தான் வெளியிலிருந்து வரவேண்டும். சரக்கு என்றால் பிள்ளைகள். கொழும்பிலும் அதைச் சுற்றியும் இருந்த, காணியை விற்றாவது காசு புரட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகள்.

2008 செப்டெம்பர் 17ஆம் திகதி தெஹிவளையில் ஐந்து இளைஞர்கள் காணாமற்போனார்கள். அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் இப்படிக் கொண்டுபோகப்பட்ட 11 பேரைப் பற்றிய வழக்கு பின்னர் நீதிமன்றம் வரை வந்தது. தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள். முதலில் அவர்களை அடைத்தது கொழும்புக் கோட்டை சைத்திய வீதியில் இருந்த கடற்படை இடம். அங்கிருந்து திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் 'கன்சைட்' என்று பெயர்போன சிறைக்கூடம். இவர்களுக்கும் புலிகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, காசுக்காகத்தான் கடத்தினார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னது யார்? வெளிநாட்டுச் சதிகாரர்களா, புலம்பெயர்ந்தவர்களா? இலங்கைப் பொலிஸின் குற்றப் புலனாய்வுப் பிரிவான சீஐடி.

பெற்றோர் கட்டிய பணத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். முதலில் வரி கட்டினார்கள். கடத்தியவனின் சம்பளம் அதிலிருந்து போனது. பிறகு கப்பம் கேட்டான். இலட்சக்கணக்கில் பேரம் நடந்தது. அதற்குப் பிறகு ஆட்கொணர்வு மனுவுக்கு வக்கீல் காசு. ஒரே பிள்ளைக்கு மூன்று முறை பணம் கட்டியும் பிள்ளை வரவில்லை. வந்தது தொலைபேசி அழைப்பு மட்டுந்தான். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது, நாடெங்கும் பாற்சோறு கிண்டினார்கள். அந்த மாதத்தோடு அழைப்பும் நின்றது.

அதே மே மாதத்தில்தான் வேடிக்கை தொடங்கியது. கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட தம்முடைய பாதுகாப்பு அதிகாரி மேல் தாமே பொலிஸில் முறைப்பாடு செய்தார். அந்த அதிகாரி பூட்டி வைத்திருந்த இடத்தைத் திறந்து பார்த்தால், உள்ளே காணாமற்போனவர்களின் தேசிய அடையாள அட்டைகள். சாதாரணப் பிக்பாக்கெட்காரன்கூடக் காசை எடுத்துக்கொண்டு அடையாள அட்டையைச் சாக்கடையில் எறிந்துவிடுவான். இங்கே கடைக்காரன் கணக்குக் கொப்பியைப் பத்திரப்படுத்துவதுபோல அடுக்கி வைத்திருந்தார்கள். என்ன பயம்? யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

கேட்டார்கள், பல வருடங்கள் கழித்து. வழக்கில் பெயர் வந்தால் மரியாதை போகும் என்று நினைக்கும் அப்பாவிகள் இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள்.

2018 நவம்பரில் பாதுகாப்புப் படைகளின் பிரதானியான அட்மிரல் ரவீந்திர விஜேகுணரத்ன, வழக்கின் முக்கிய சந்தேகநபருக்கு அடைக்கலம் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில் கோட்டை நீதவான் முன்னால் வந்தார். முழுச் சீருடையில் வந்தார். நீதவானுக்கு முன்னால் நின்றவர் சந்தேகநபரா, முப்படைகளுமா என்று பார்த்தவர்கள் குழம்பியிருப்பார்கள். பிற்காலத்தில் அவர் பாகிஸ்தானுக்கு உயர்ஸ்தானிகராகப் போனார்.

2019இல் கரன்னாகொடவே சந்தேகநபர் ஆனார். அந்த செப்டெம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவருக்குக் கடற்படையின் அதியுயர் பட்டமான 'அட்மிரல் ஒஃப் த ஃப்ளீட்' கொடுத்தார். அவரையும் சேர்த்து 14 பேருக்கு எதிராக ட்ரயல் அட்பார் என்ற விசேட நீதிமன்றத்தின் முன் 667 குற்றச்சாட்டுகள் வந்தன. 2021 ஓகஸ்டில் சட்டமா அதிபர், கரன்னாகொட மீதான வழக்கை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்று அறிவித்தார். டிசெம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநர். 2023 ஏப்ரலில் அமெரிக்கா அவருக்குத் தடை போட்டது. அன்றைக்கு அவர் குருநாகலில் ஆளலாம், வாஷிங்டனில் கால் வைக்க முடியாது.

கரன்னாகொட எல்லாவற்றையும் மறுக்கிறார். மறுக்கட்டும், அவருடைய உரிமை. நிரூபிக்கும்வரை எல்லோரும் நிரபராதிகள் என்பது உலகச் சட்டம். நிரூபிக்கவே விடாமல் பார்த்துக்கொள்வது இலங்கைச் சட்டம்.

2020இல் அரசியல் பழிவாங்கலுக்கு ஆளானவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு ஜனாதிபதி ஆணைக்குழு அமைத்தார்கள். பழிவாங்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? 'கன்சைட்'டில் அடைபட்ட பிள்ளைகள் அல்லர். அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேள்வி கேட்கப்பட்ட கடற்படையினர்! இந்த வழக்கை நிறுத்து என்று அந்த ஆணைக்குழு சட்டமா அதிபருக்கே உத்தரவு போட்டது. உனக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அப்போதைய சட்டமா அதிபர் தப்புல டி லிவேரா மறுத்ததால் அன்றைக்கு மானம் தப்பியது.

ஆனாலும் இந்த வழக்கில் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கிடைத்தது, துப்புத் துலக்கியவர்களுக்கு. வழக்கை விசாரித்த சீஐடி அதிகாரி நிஷாந்த சில்வாவை 2018இல் இடமாற்றிப் பார்த்தார்கள். ஊர் சத்தம் போட்டதால் திரும்ப எடுத்தார்கள். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியாகப் பதவியேற்று ஒரு வாரம் ஆவதற்குள் நிஷாந்த சில்வா குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குத் தப்பிப்போனார். அவருடைய மேலதிகாரி, சீஐடி பணிப்பாளர் ஷானி அபேசேகரவைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். 2020 ஜூலையில் கைது செய்து ஏறக்குறைய ஒரு வருடம் உள்ளே வைத்தார்கள். கடத்தினாயா என்று கேட்டவன் கம்பிக்குள்ளே, கேட்கப்பட்டவர் பிறகு ஆளுநர் மாளிகையிலே.

காணாமற்போனோரின் குடும்பங்களை அரசாங்கம் அடியோடு மறந்துவிடவும் இல்லை. 2022 மார்ச்சில் அமைச்சரவை பெரிய மனது பண்ணி, குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா என்று தீர்மானித்தது. கடத்தல்காரன்கூட ஒரு பிள்ளைக்கு இதைவிடக் கூட விலை மதித்தான்.

இத்தனைக்கும் கவசம் 'ரணவிரு', அதாவது யுத்த வீரர், என்ற ஒரே சொல். யுத்தத்தில் வென்ற வீரரை நீதிமன்றத்துக்கு இழுக்கலாமா என்று மேடை மேடையாகக் கண்ணீர் விட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டுச் சில வருடங்களே ஆன பிள்ளைகளை அடைத்துவைத்துத் தாயோடு விலை பேசுவது எந்த யுத்தகளத்து வீரம் ஐயா? நேர்மையாகக் கடலில் நின்று செத்த சிப்பாயின் பெயரைக் கப்பக்காரனுக்குப் போர்வையாகப் போர்த்தியவர்கள்தானே கடற்படையை அவமதித்தவர்கள்?

இப்போது காற்று கொஞ்சம் மாறியிருக்கிறதாம். ஷானி அபேசேகர மீண்டும் சீஐடிக்கு வந்திருக்கிறார். 2025 ஜூலையில் இன்னொரு முன்னாள் கடற்படைத் தளபதி நிஷாந்த உலுகேதென்னவை, 2010இல் காணாமற்போன வேறொரு இளைஞர் தொடர்பில் கைது செய்தார்கள். அந்த விசாரணையும் அதே 'கன்சைட்'டில்தான் போய் முட்டுகிறது. நல்லது, நடக்கட்டும். ஆனால் கைதுப் படத்தைப் பத்திரிகையில் போட்டுவிட்டு அதையே நீதி என்று எங்கள் கையில் திணிக்க வேண்டாம்.

கடற்படைத் தளத்துக்குள் நுழைகிறவரைப் பதியக் கொப்பி இருக்கும். காவல் முறைக்கு அட்டவணை இருக்கும். சோற்றுக்குக் கணக்கு இருக்கும். சாவிக்குப் பொறுப்பாக ஒரு ஆள் இருந்திருப்பான். அத்தனை பேரும் சம்பளப் பட்டியலில் கையெழுத்து வைத்தவர்கள், இன்றைக்கு ஓய்வூதியம் எடுக்கிறவர்கள். அவர்களைக் கூண்டில் ஏற்றி, 11 பேரையும் என்ன செய்தீர்கள் என்று கேட்க இந்த அரசாங்கத்துக்குத் துணிவில்லை என்றால், அதையாவது வாய் திறந்து சொல்லட்டும். கப்பம் வாங்கியவனுக்குக் கடைசி மாதம்வரை சம்பளம் கொடுத்தோம், இப்போதும் ஓய்வூதியம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று வர்த்தமானியில் அச்சடிக்கட்டும்.