தேக்கை ஒரு தட்டு தட்டுங்கள்

கேள்வி: மும்பை மாதுங்காவில் 1940களில் கட்டிய, ‘பக்டி’ முறையில் வாடகைக்கு இருக்கும் வீடு. தேக்கு ஜன்னலைக் கழற்றி அலுமினிய ஸ்லைடிங் போடலாமா? யாரை நம்புவது?

பதில்: முதலில் தேக்கை நம்புங்கள். ஜன்னல் சட்டத்தைச் சாவியால் குத்துங்கள். சாவி இறங்காவிட்டால் கீலும் கண்ணாடியும் மாற்றினாலே போதும். இரண்டு டிராக் ஸ்லைடிங்கில் பாதி ஜன்னல்தான் திறக்கும்; மே மாதப் புழுக்கத்தில் மீதிப் பாதியைத் தேடுவீர்கள்!

மாற்றத்தான் வேண்டுமென்றால், வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கீழ் டிராக்கில் தண்ணீர் வடியத் துளை அவசியம். ஆல்பம் காட்டும் ஒப்பந்தக்காரரிடம் மயங்காமல், போன மழைக்கு முன் அவர் ஜன்னல் போட்ட வீட்டுக்குப் போய், ஜன்னலடிச் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கடைசித் தவணை மழை முடிந்த பிறகுதான். பழைய தேக்கைச் சும்மா தூக்கிப்போக விடாதீர்கள், பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.