சுற்றும் வட்டம்

கே: டிவியில் படம் பார்க்கும் ஆப்பைத் திறந்தால் வட்டம் மட்டும் சுற்றுகிறது. போனில் அதே ஆப் ஜோராக ஓடுகிறது. புது டிவி வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். வாங்கலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

ப: பெரிய சைஸ் டிவிக்கு அவர் காரணம் தேடுகிறாரோ என்னவோ! போனில் ஓடுவது வைஃபையிலா, மொபைல் டேட்டாவிலா என்று முதலில் பாருங்கள். டேட்டாவில் என்றால் குற்றவாளி டிவி அல்ல, வீட்டு வைஃபையாக இருக்கலாம். பாதி வழக்கு அங்கேயே தள்ளுபடி.

ரிமோட்டில் அணைத்தால் டிவி அணைவதில்லை. சும்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கும். சுவர் சுவிட்சையே அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள். செட்டிங்ஸில் தேதியையும் பாருங்கள். டிவி இன்னும் 2015-லேயே வாழ்ந்துகொண்டிருந்தால், சர்வர் நீட்டும் பாதுகாப்புச் சான்றிதழை அது நம்பாது, பேச்சுவார்த்தை முறிந்துவிடும். ஆப்பின் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) அழிப்பது, ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு.

எதற்கும் மசியவில்லையா? டிவிக்கு வயதாகியிருக்கலாம். 2010, 2011 மாடல் சாம்சங் டிவிகள் சிலவற்றுக்கு 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் கைவிரித்தது. அப்போதும் எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகினால் போதும். பக்கத்தில் பிளக் பாயின்ட் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டிவியின் யூஎஸ்பி தரும் கரண்ட் பல ஸ்டிக்குகளுக்குப் போதாது.