தூங்கா நகரின் கனா விதி: மின்விசிறிக் கோட்பாடு

மதுரை தூங்கா நகரம். தூங்காதவனுக்குக் கனவு வராது. ஆகவே மதுரையில் கனவு கிடையாது என்பது தருக்கம். ஆனால் காலையில் பால் வாங்க வருகிறவர்கள் "நேத்து ஒரு கனாண்ணே" என்றுதான் பேச்சையே தொடங்குகிறார்கள். இம்முரணைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முதல் சான்று சிலப்பதிகாரத்துப் பாண்டிமாதேவி கோப்பெருந்தேவி. செங்கோலும் வெண்குடையும் சாய்வதாக, இரவில் வானவில் தோன்றுவதாக, பகலில் விண்மீன் விழுவதாகக் கண்ட கனவை அவள் பாண்டியனிடம் சொல்லி வாய் மூடுமுன் கண்ணகி வாயிலில் நிற்கிறாள். இது நூல்விதிக்குப் புறம்பு. கனவுப் பலன் சொல்லும் பொன்னவனின் கனா நூல் கணக்கில் முதல் சாமக் கனவு பலிக்க ஓராண்டு, இரண்டாம் சாமத்துக்கு எட்டு மாதம், மூன்றாவதற்கு மூன்று மாதம். விடியற்காலைக் கனவுக்குக்கூடப் பத்து நாள் தவணை உண்டு. தேவிக்கு மட்டும் தவணை தள்ளுபடி. அரச குடும்பச் சலுகை என்று கொள்க.

விடியற்கனவுக்கு ஏன் முன்னுரிமை? தூங்குபவரின் மூடிய இமைக்குள் கண்கள் விரைந்தோடும் ஒரு கட்டம் உண்டென்று 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் எழுதினார்கள். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கொரு முறை வரும் அது, விடியலை நெருங்க நெருங்க நீளும். அப்போது மூளை மும்முரமாக இருக்கும். கைகால் தசைகள் அடங்கிக் கிடக்கும். கனவில் அலங்காநல்லூர்க் காளையின் திமிலைப் பிடித்தவர் பக்கத்தில் படுத்திருப்பவரின் கழுத்தைப் பிடிக்காதது இதன் புண்ணியம்.

ஆனால் அந்தக் கட்டத்திலேயே எழுப்பினால்தான் கனவு நன்றாக நினைவில் தங்கும். இங்கேதான் மதுரையின் தனிப்பங்கு. மே மாதம், அதிகாலை நாலு மணி. கரண்ட் போகிறது, மின்விசிறி நிற்கிறது. வேர்வை, கொசு, விழிப்பு. கனவு கையும் களவுமாகப் பிடிபடுகிறது. கனவு எல்லா ஊர்க்காரருக்கும் வரும்; மதுரைக்காரரை மட்டும் பாதியில் எழுப்பிவிடுகிறார்கள். நள்ளிரவுப் பரோட்டாவும் சால்னாவும் இதே பணியை வயிற்றுக்குள்ளிருந்து செய்வதாக ஒரு தரப்பு வாதிடுகிறது. இன்வெர்ட்டர் வாங்கிய வீடுகளில் அத்தரப்புக்கு ஆதரவு பெருகிவருகிறது.

விடியுமுன் மல்லி பறிக்கப் போகிறவர்கள்தான் பாவம். பத்தே நாளில் பலிக்கக்கூடிய கனவுகள் அத்தனையும் அவர்களுக்குப் பறிபோகின்றன. இழந்த கட்டத்தை உடல் அடுத்த தூக்கத்தில் வட்டியோடு வசூலிக்கும் என்பது உறக்க ஆய்வகங்கள் கண்ட உண்மை. ஆனால் அவர்கள் தூங்குவது மத்தியானம். பகல் கனவு பலிக்காது என்று ஊர் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டுக்குப் பொன்னவன் இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலோ கனா வழக்குகளுக்கென்று தனி அமர்வு கிடையாது.