பாம்பைப் பையில் கொண்டுவந்தால்?

கேள்வி: என் மகள் டாக்டராகி, அவசர சிகிச்சைப் பிரிவில் சேரப்போகிறாள். எதைப் படிக்கச் சொல்வது?
– ஒரு தந்தை, ஒலக்கூர்

பதில்: 2009-இல்தான் இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றது. அதனால் ‘எங்க காலத்துல...’ என்று ஆரம்பிக்கும் சீனியர்கள் கொஞ்சம் குறைவு. புத்தகம் என்றால் டின்டினாலி. தலையணை சைஸ், தூக்கம்தான் கிடைக்காது!

உங்கள் பக்கம் வயல்காடு. பாம்புக்கடி வரும், அடித்த பாம்பையும் பையில் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்கட்டும். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து. பிளாஸ்டிக் குழாய் ஆகாது. இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மூத்த நர்ஸ் ஒருவர் அங்கே இருப்பார். முதல் நாளே ‘அக்கா’ என்று கூப்பிடச் சொல்லுங்கள்.