ரூட்டர் அங்கிள்

லேப்டாப்பில் வைஃபை வரவில்லை என்றால் கம்பெனிக்கு போன் போடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, ரூட்டர் அங்கிளைக் கூப்பிடுவது. சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முளைத்திருக்கிற அடுக்குமாடிகளில் செக்யூரிட்டி இல்லாத பிளாக் உண்டு, லிஃப்ட் ஓடாத பிளாக் உண்டு. ரூட்டர் அங்கிள் இல்லாத பிளாக் கிடையாது.

பெரும்பாலும் மறைமலை நகர் பக்கம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்த்து ரிடையர் ஆனவராக இருப்பார். கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஆனால் ஓடாத ஒரு பொருளைப் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. சட்டைப் பையில் டெஸ்டர், தோளில் துண்டு, கையில் ஒரு சுருள் கேபிள். பிளாக்கில் இருக்கிற அத்தனை வீட்டு பாஸ்வேர்டும் மனப்பாடம். பேரன் பிறந்த வருஷம் மறந்துபோன தாத்தாக்கள் இவரைத்தான் கேட்பார்கள்; அதுதானே பாஸ்வேர்டு!

அழைப்பு வருவது காலை ஒன்பதே முக்காலுக்கு. மகேந்திரா சிட்டியில் ஆபீஸ், அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை என்றிருக்கும் பெண் குரலில் பதற்றம்.

"அங்கிள், லேப்டாப்ல நெட் வரல. போன்ல எல்லாம் நல்லா வருது."

"மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டுப் பாத்தியாம்மா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. "போன்லயும் வரல அங்கிள்."

"அப்ப லேப்டாப்பைத் திட்டாத. வரேன்."

படியிறங்கும் முன்பே பாதி வழக்கு முடிந்துவிட்டது. போனுக்கு வைஃபை வந்து லேப்டாப்புக்கு மட்டும் வராவிட்டால் குற்றவாளி லேப்டாப். இரண்டுக்குமே வராவிட்டால் ரூட்டர் அல்லது லைன். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்ததால்தான் அவர் அங்கிள், மற்றவர்கள் வெறும் பிளாட் ஓனர்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் லேப்டாப்பை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். நேரே ரூட்டரிடம் போவார். அது பரணில் பழைய குக்கருக்குப் பின்னால் இருக்கும், அல்லது இரும்பு பீரோ மேலே சுவரோரம் சாய்ந்து கிடக்கும். வைஃபையும் ரேடியோ அலைதான். இரும்பு அதைத் திருப்பி அனுப்பும், கம்பி போட்ட கான்கிரீட் பாதியை விழுங்கும். "இத நடு ஹால்ல வையுங்கன்னு போன தீபாவளிக்கே சொன்னேன்" என்று ஆரம்பிப்பார். நடு ஹாலில் வைத்தால் ஷோகேஸின் அழகு கெடும் என்று வீட்டம்மா சொல்வார். இந்த வழக்கில் அங்கிள் இதுவரை ஜெயித்ததில்லை.

அடுத்தது தரிசனம். மலைக்கோவிலில் பாடலாத்ரி நரசிம்மருக்கு தீபாராதனை காட்டும்போது அர்ச்சகர் திருநாமத்தை விலக்கி நெற்றிக்கண்ணைக் காட்டுவாரே, அதே பயபக்தியோடு அங்கிள் மேலே தொங்கும் துண்டையும் ஒட்டடையையும் விலக்கி, செல்போன் டார்ச் அடித்து, ஃபைபர் பெட்டியின் சிவப்பு விளக்கைக் காட்டுவார். எல்.ஓ.எஸ். என்ற அந்த விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் கண்ணாடி இழை வழியாக வரவேண்டிய வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். எலி கடித்திருக்கலாம், ரோடு தோண்டியவன் வெட்டியிருக்கலாம், சோபாவை நகர்த்தும்போது ஒயர் மடங்கியிருக்கலாம். "இனிமே லைன்மேன் வரணும்" என்று சொல்லும்போது அவர் முகம் வாடிவிடும். தன் கையில் ஒன்றும் இல்லை என்கிற கேஸ் அவருக்குப் பிடிக்காது.

விளக்கு பச்சையாக இருந்தால்தான் கச்சேரி. முதல் சந்தேகம் வீட்டுக் குழந்தை மேல். கீபோர்டில் விமானப் படம் போட்ட பட்டன் ஒன்று உண்டு. அதைக் குழந்தை அமுக்கியிருந்தால் வைஃபை மொத்தமாக அணைந்திருக்கும். இரண்டாவது சந்தேகம் லேப்டாப்பின் கடிகாரம். உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி செத்துப்போனால் தேதி பத்து வருஷம் பின்னால் போய்விடும்; கனெக்ட் ஆனதாகக் காட்டும், ஆனால் ஒரு வெப்சைட்டும் திறக்காது, பேங்க் பக்கம் திறக்கவே திறக்காது. தேதியைத் திருத்தியதும் எல்லாம் ஓடும். அந்த வீட்டில் அன்றிலிருந்து அவர் சித்தர்.

2011-ல் தமிழ்நாடு அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கிய காலத்து மெஷின் ஒன்று பல வீடுகளில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. புது ரூட்டர் இரண்டு பெயரில் வைஃபை தரும்: ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், இன்னொன்று 5. முன்னது மெதுவாகப் போனாலும் சுவர் தாண்டும்; பின்னது வேகம், ஆனால் அடுத்த அறைக்குள் போவதற்குள் இளைத்துவிடும். அந்தக் காலத்து சாதாரண லேப்டாப்கள் பலவற்றுக்கு 5 கண்ணிலேயே படாது. பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, நம் வீட்டுப் பெயர் மட்டும் காணோம் என்று வீட்டுக்காரர் புலம்புவார். "2.4-ஐ யாருய்யா ஆஃப் பண்ணது?" என்று அங்கிள் திரும்பிப் பார்க்கும்போது, வேகத்துக்காக அதை அணைத்து வைத்த இன்ஜினியரிங் பையன் மெல்ல பால்கனிக்கு நழுவுவான்.

எதுவும் அகப்படவில்லை என்றால் லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து ஒற்றை விரலால் 'ஐபிகான்ஃபிக்' என்று அடிப்பார். வரும் எண் 192.168 என்று தொடங்கினால் தலையாட்டுவார். 169.254 என்று தொடங்கினால், "பாத்தீங்களா, விலாசம் கிடைக்கல" என்பார். விஷயம் உண்மைதான். லேப்டாப்புக்கு ரூட்டர் ஒரு விலாசம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்டோஸ் தானே ஒன்றை எழுதி ஒட்டிக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு இன்டர்நெட் பக்கம் போக முடியாது.

இதற்கும், இதுபோல நூறு வியாதிக்கும் மருந்து ஒன்றே: ரூட்டரை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போடுவது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மிச்ச மின்சாரம் வடியத்தான் அந்த முப்பது. குழம்பிப்போன மெமரி அழிந்து ரூட்டர் புதுசாக எழுந்திருக்கும். இது அங்கிளுக்கு முதல் நிமிஷமே தெரியும். அதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது வினாடியில் முடிகிற வேலைக்கு யார் காபி கொடுப்பார்கள்? அதனால்தான் பீரோ, தரிசனம், கறுப்புத் திரை எல்லாம்.

முப்பதையும் அவர் சும்மா எண்ணுவதில்லை. பத்தில் நிறுத்தி, 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட கதையைச் சொல்வார். மோடம் கத்திய கத்தலை வாயாலேயே செய்து காட்டுவார். இருபதில் நிறுத்தி, 2.4 கிகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்ததைச் சொல்வார். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது, பால் சுட வைக்கும்போது மீட்டிங் திக்கினால் ரூட்டரைக் குறை சொல்லாதே என்பார். முப்பது வருவதற்குள் டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும்.

அங்கிளிடம் தோல்விக்கென்றும் தயாராக ஒரு தீர்ப்பு உண்டு. பிளாக்குக்குத் தகுந்தபடி அது "டிரைவர் போயிடுச்சு" அல்லது "மதர்போர்டு". மதர்போர்டு என்று சொல்லிவிட்டால் மேல்முறையீடு கிடையாது.

ஆனால் தோல்வியைவிட அவரை நோகடிப்பது, இவர் மூன்று மாடி ஏறி வருவதற்குள் வைஃபை தானாக வந்துவிடுவதுதான்.

"வந்துடுச்சு அங்கிள், சாரி. சும்மா அலைய வச்சுட்டேன்."

"தானா வந்தது தானாவே போயிடும்மா. ஃபர்கெட்டுனு இருக்கும் பாரு, அத அமுக்கு."

ஓடிக்கொண்டிருக்கும் வைஃபையைத் துண்டிப்பார். ரூட்டரை அணைத்து முப்பது எண்ணுவார், 1995-லிருந்து. பேரன் பிறந்த வருஷத்தை அவரே தட்டி, திரையில் பட்டை நிறைந்ததும் டம்ளரைக் கையில் வாங்கிக்கொள்வார்.

"இப்பத்தான் ஒழுங்கா வந்திருக்கு."